இரண்டு கரைகளின் கறுத்தம்மா

கறுத்தம்மா பிறந்து வளர்ந்த கரை ஒன்று. கறுத்தம்மாவாக ஷீலா நடந்த கரை வேறொன்று. முதலாவது, ஆலப்புழை மாவட்டத்தின் நீர்க்குன்னம். கறுத்தம்மாவை நாயகியாக வைத்துத் தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் வெளியிட்ட ‘செம்மீன்’ நாவல் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டாவது, திருச்சூர் மாவட்டத்தின் நாட்டிகா. அந்த நாவலிலிருந்து 1965இல் வெளிவந்த படத்துக்காக இயக்குநர் ராமு காரியாட் கேமராவை இறக்கிய மணல் அது. இரண்டுக்கும் நடுவே கொச்சித் துறைமுகமும், நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கடற்கரையும் கிடக்கின்றன. சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் ஆலப்புழை எக்ஸ்பிரஸ் காலையில் திருச்சூரைத் தொட்டு, எர்ணாகுளம் வழியாக ஆலப்புழையில் போய் நிற்கிறது. படத்தின் மாவட்டத்தில் இறங்கி நாவலின் மாவட்டத்தில் பயணத்தை முடிக்க நினைப்பவர்களுக்கு இந்த ஒரே தண்டவாளம் போதும்.

‘செம்மீன்’ என்றால் கடல், காதல், கற்பு என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். படம் பார்த்த தலைமுறைக்கு அந்த மூன்றும்தான் நினைவில் நிற்கின்றன. நாவலின் ஊர்களை நடந்து பார்த்தால் நான்காவதாக ஒன்று கண்ணில் படும். எந்தத் துறையில் நின்றாலும் கரையேற்றி வைத்த வள்ளங்கள். வள்ளம் யாருடையது, யார் பணத்தில் வந்தது, அதில் ஏறித் துடுப்புப் போடுகிறவனுக்கு எத்தனை பங்கு என்ற கேள்விகள்தான் தகழியின் கதையை முதல் பக்கத்திலிருந்து நகர்த்துகின்றன. படம் கடலைப் பெரிதாக்கியது. நாவல் வள்ளத்தைப் பெரிதாக எழுதியது. கடலை அவ்வளவு அழகாகக் காட்டியதற்காக ராமு காரியாட்டுக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த அழகில் வள்ளம் கொஞ்சம் மறைந்துபோனதையும் சொல்ல வேண்டும்.

திருச்சூரிலிருந்து மேற்கே போனால் திருப்பிரயார். அங்கே ஆற்றங்கரையில் ஸ்ரீராமர் கோயில் இருக்கிறது. ஆற்று மீன்களுக்கு உணவிடும் ‘மீனூட்டு’ இங்கே முக்கியமான வழிபாடு. மீனைத் தெய்வத்தின் விருந்தாளியாக நினைத்துச் சோறிடும் படித்துறைக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, மீனைப் பிடித்தால்தான் அடுப்பெரியும் நாட்டிகா கடற்கரை. காரியாட்டின் சொந்த ஊரான ஏங்கண்டியூரும், படப்பிடிப்பு நடந்த இன்னொரு இடமான சேட்டுவாவும் இதே கரையில் வடக்கே இருக்கின்றன. காயல் கடலில் சேரும் கழிமுகம் சேட்டுவா. தென்னந்தோப்பு, காயல், மணல், கடல் என்று நான்கும் கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கியிருக்கும் இந்த நிலத்தைப் பார்த்ததுமே, ஓர் இயக்குநருக்கு இது ஏன் பிடித்தது என்று கேட்கத் தோன்றாது.

காரியாட் இந்தக் கரையின் மகன். 1954இல் பி. பாஸ்கரனோடு சேர்ந்து இயக்கிய ‘நீலக்குயில்’ மூலம், ஸ்டூடியோவின் அட்டைச் சுவர்களை விட்டுக் கேரள கிராமத்துக்குள் மலையாள சினிமாவை அழைத்து வந்தவர்களில் ஒருவர். இடதுசாரி நாடக இயக்கத்தில் வளர்ந்தவர். ‘செம்மீன்’ வெளியான அதே 1965இல் நாட்டிகா தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் அந்தச் சட்டமன்றம் கூடவே இல்லை. உறுப்பினராகப் பதவி ஏற்காமல் போன அவருக்கு அந்தப் படம் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவின் சிறந்த படத்துக்கான அந்த விருதைத் தென்னிந்தியப் படம் ஒன்று பெற்றது அதுவே முதல் முறை.

அந்தப் படத்துக்காகச் சேர்ந்த கைகளை எண்ணிப் பார்த்தால் இன்றைக்கும் வியப்பாக இருக்கும். தயாரித்தவர் பாபு இஸ்மாயில் சேட். திரைக்கதை எஸ்.எல். புரம் சதானந்தன். பாடல்கள் வயலார். இசை வங்காளத்து சலில் சௌத்ரி. அவருக்கு இதுதான் முதல் மலையாளப் படம். படத்தொகுப்புக்குப் பம்பாயிலிருந்து ஹிருஷிகேஷ் முகர்ஜி. கறுத்தம்மாவின் காதலன் பரீக்குட்டியின் ஏக்கத்தைப் பாடியது மன்னா டே. ஒளிப்பதிவு, சென்னையின் மார்கஸ் பார்ட்லி. ‘மாயா பஜார்’ படத்தின் நிலா வெளிச்சத்தில் மயங்கிய தமிழர்களுக்கு அந்தக் கையைத் தனியாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஷீலாவும் தமிழ் ரசிகர்களுக்குப் புதியவர் இல்லை, எம்.ஜி.ஆருடன் நடித்த ‘பாசம்’ படத்தில்தான் அவர் திரைக்கு வந்தார்.

பார்ட்லி ஸ்டூடியோ வெளிச்சத்தின் மேதை. நாட்டிகா மணலிலோ அவருக்குக் கிடைத்தது ஈஸ்ட்மன் கலரும் மேற்குக் கடலும். அரபிக் கடலில் சூரியன் கடலுக்குள்ளேயே இறங்குகிறது. கிழக்குக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் முதல்முறை நாட்டிகாவில் அந்திப் பொழுதைப் பார்த்தால், படத்தின் பாதிக் கவிதை எங்கிருந்து வந்தது என்பது புரியும். காயும் வலை, அலைமேல் எம்பும் வள்ளத்தின் மூக்கு, தனியாக நிற்கும் ஒரு பெண் என்று எதை வைத்தாலும் பின்னால் கடல் வந்து நின்றுகொள்கிறது. படத்தில் கடல் ஒரு பாத்திரம். கோபப்படும், காத்திருக்கும், தண்டிக்கும். கடைசிக் காட்சிகளில் சுறாவோடு கறுத்தம்மாவின் கணவன் பழனி போராடுவதும், கரையில் அவளும் பரீக்குட்டியும் சேர்வதும் மாறி மாறி வரும்போது, இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவில் ஒரு நூல் கட்டப்பட்டிருப்பதை வசனமே இல்லாமல் பார்வையாளர் உணர்ந்துவிடுகிறார். எழுத்தில் பல அத்தியாயங்களாகத் திரும்பத் திரும்பச் சொல்லி நிலைநாட்ட வேண்டிய ஒரு நம்பிக்கையை, கரையில் மனைவி பிழைத்தால் கடலில் கணவனைக் கடலம்மா எடுத்துக்கொள்வாள் என்பதை, சில நிமிடங்களில் வெட்டும் ஒட்டுமாகச் சொல்லிவிட்டார்கள். சினிமாவின் பலம் இங்கே முழுதாகத் தெரிகிறது.

அதே பலம் சில பாத்திரங்களை மாற்றியும் விட்டது. தகழியின் பழனி இளைஞன். தாய் தகப்பன் யாரென்று தெரியாமல் கடற்கரையில் தானாக வளர்ந்த பையன். படத்தில் பழனியாக வந்த சத்யன், தகழி பிறந்த அதே 1912இல் பிறந்தவர். ஐம்பதைத் தாண்டிய நடிகர், இருபதுகளில் இருக்க வேண்டிய அனாதையின் தனிமையைத் தாடையை இறுக்கியே காட்டிவிட்டார் என்பது அவருடைய பெருமை. ஆனாலும் பழனியின் வயதில் இருந்த பரிதாபம், அவன் இன்னும் வாழத் தொடங்கவே இல்லை என்ற உணர்வு, திரையில் கரைந்துவிட்டது. கறுத்த பெண்ணாகத் தகழி படைத்தவள் திரையில் சிவந்த அழகியாக வந்தாள். மதுவின் பரீக்குட்டியோ தோற்ற காதலனின் அடையாளமாகவே கேரளத்தில் நிலைத்துப்போனார். மேடைப் பலகுரல் கலைஞர்கள் இன்றும் அந்தக் குரலை எடுத்துப் பேசிப் பார்க்கிறார்கள். நாவலின் பரீக்குட்டி காதலன் மட்டுமில்லை, அவன் ஒரு வியாபாரி. காதலால் கடனாளியாகி, கடனால் நடுத்தெருவுக்கு வந்தவன். அந்தக் கணக்கு வழக்கு பாட்டில் ஏறவில்லை.

கொட்டாரக்கரை ஸ்ரீதரன் நாயர் நடித்த, கறுத்தம்மாவின் அப்பா செம்பன்குஞ்சு மட்டும் நாவலிலிருந்து அப்படியே எழுந்து வந்தவர். ஆசை கண்ணில் ஏறி, பிறகு அந்தக் கண்ணே நிலைகுத்திப் போகும்வரை அவர் நடித்திருப்பதைப் பார்த்தால், இந்தக் கதையின் நடு அச்சு யார் என்பதில் சந்தேகம் வராது. ‘செம்மீன்’ படத்தில் மிகச் சிறந்த நடிப்பு அவருடையது.

நாட்டிகாவிலிருந்து தெற்கே கொடுங்கல்லூர், பரவூர், கொச்சி. பாலங்களும் காயல்களும் மாறி மாறி வரும் இந்தச் சாலை நெரிசல் மிகுந்தது; அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆலப்புழையைத் தாண்டியதும் நெடுஞ்சாலைக்கு வலப்புறம் கடலும் இடப்புறம் குட்டநாட்டு வயல்களும் நெருங்கி வருகின்றன. நடுவே ஒடுக்கமான மணல் திட்டு ஒன்றுதான் நிலம். புன்னப்புரா முதலில் வரும். 1946 அக்டோபரில் கயிற்றுத் தொழிலாளர்களும் மீனவர்களும் திவான் ஆட்சியை எதிர்த்து எழுந்து, துப்பாக்கிக்கு முன்னால் விழுந்த ஊர். அடுத்து வண்டானம். அதற்கடுத்து நீர்க்குன்னம். சாலையிலிருந்து மேற்கே திரும்பினால் சிறிது நேரத்தில் கடல் இரைச்சல் கேட்டுவிடும்.

நீர்க்குன்னத்தில் தகழி வர்ணித்த அகன்ற மணல்வெளியைத் தேடிப் போகிறவர்களுக்கு முதலில் தெரிவது கருங்கல் குவியல். ஆலப்புழைக் கடற்கரையின் பல பகுதிகளைப் போலவே இங்கும் கடல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகள் நீளச் சுவராக நிற்கின்றன. பரீக்குட்டி உட்கார்ந்து பாடிய மணலில் இன்று பாதி தண்ணீருக்குள் இருக்கும். வள்ளங்களும் மாறிவிட்டன. இயந்திரம் பொருத்திய பெரிய வள்ளங்களில் பல பேர் சேர்ந்து வளையவலை போடப் போகிறார்கள். அவற்றின் பக்கத்திலேயே, தெர்மோகோலைக் கட்டி உருவாக்கிய சின்ன மிதவையில் ஒற்றை ஆளாகத் துடுப்புப் போட்டுப் போகிறவர்களும் உண்டு. பெரிய வள்ளத்தில் பங்கு இல்லாதவனுக்குக் கடல் இன்றும் தனியாகத்தான் திறக்கிறது.

நாவல் ஒரு பேச்சோடு தொடங்குகிறது. அப்பா வள்ளமும் வலையும் வாங்கப் போகிறார் என்று கறுத்தம்மா பரீக்குட்டியிடம் சொல்கிறாள். அந்த வள்ளத்தில் வரும் மீனைத் தனக்கு விற்பாளா என்று அவன் கேட்கிறான். நல்ல விலை கொடுத்தால் விற்பதாக அவள் சொல்கிறாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். காதலின் முதல் வார்த்தையே வியாபார வார்த்தை. இதைவிடத் துணிச்சலான காதல் காட்சித் தொடக்கம் இந்திய நாவல்களில் அதிகம் இருக்காது. பின்னால் நடக்கப்போகும் அத்தனை கேட்டுக்கும் விதை இந்தச் சிரிப்பில் கிடக்கிறது. வள்ளம் வாங்கப் பணம் கொடுக்கப் போகிறவன் பரீக்குட்டியேதான்.

செம்பன்குஞ்சுவுக்கு வள்ளம் வாங்க உரிமையே கிடையாது. நாவலில் கடற்கரைச் சாதிகளுக்குள் வரிசை இருக்கிறது. அரயன், வலைக்காரன், முக்குவன், மரக்கான் என்று அது இறங்கிப் போகும். வள்ளமும் வலையும் வைத்துக்கொள்வது வலைக்காரனுக்கு உரியது. கரையின் தலைவனான துறை அரயனுக்குக் காணிக்கை வைத்து அனுமதி பெற்றாக வேண்டும். இந்தச் சட்டத்தை மீறிப் போக நினைக்கும் கூலிக்கார முக்குவன்தான் செம்பன்குஞ்சு. முதலில் அவர்மேல் மரியாதை வருகிறது. ஆயுள் முழுக்க அடுத்தவன் வள்ளத்தில் துடுப்புப் போட்ட ஒருவன் தனக்கென்று ஒரு வள்ளம் கேட்பதில் என்ன பிழை? அவரும் மனைவி சக்கியும் வயிற்றைக் கட்டிக் காசு சேர்க்கிறார்கள். போதவில்லை. பரீக்குட்டியிடம் கை நீட்டுகிறார்கள். அவன் பணமும் தருகிறான், இரவோடு இரவாகக் கருவாட்டுக் கூடைகளையும் எடுத்துப் போகவிடுகிறான். எதற்காகத் தருகிறான் என்று சக்கிக்குத் தெரியும். கறுத்தம்மாவுக்கும் தெரியும். செம்பன்குஞ்சு தெரியாத மாதிரி இருந்துவிடுகிறார். கடன் திரும்பவே இல்லை. இந்தக் கடன்தான் கறுத்தம்மாவின் நெஞ்சில் கடைசிவரை உறுத்துகிறது. பரீக்குட்டியின் பணத்தைக் கொடுத்துவிடு என்று வீட்டில் அவள் திரும்பத் திரும்பக் கேட்பதை நாவல் வாசகர் மறக்கவே முடியாது.

அந்த வள்ளம் வந்த வீட்டையும் பார்க்க வேண்டும். செம்பன்குஞ்சு வாங்குவது கண்டன்கோரன் என்ற வலைக்காரருடைய வள்ளத்தை. விலை பேசப் போன இடத்தில் கண்டன்கோரனின் மனைவி பாப்பிக்குஞ்ஞுவைப் பார்க்கிறார். அவர்களுடைய சாப்பாட்டையும், மினுமினுப்பையும், சுகமான வாழ்க்கையையும் பார்க்கிறார். அன்றிலிருந்து அவருக்கு வள்ளம் மட்டும் போதவில்லை, அந்த வாழ்க்கையும் வேண்டும். கண்டன்கோரன் இறந்து, சக்கியும் இறந்த பிறகு, அதே பாப்பிக்குஞ்ஞுவைத் தன் வீட்டுக்கு அழைத்து வருகிறார். ஒரே வீட்டிலிருந்து முதலில் வள்ளத்தை வாங்கினார், பிறகு பெண்ணை. தகழி எங்கேயும் நின்று இதை விளக்கவில்லை. நிகழ்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். குறியீடு என்பதைத் தனியாக வைத்து அலங்கரிக்காமல், கொடுக்கல் வாங்கலுக்குள்ளேயே புதைத்து வைக்கும் எழுத்து இது.

நீர்க்குன்னத்துக்குத் தெற்கே அம்பலப்புழை, அதையடுத்துப் புறக்காடு. டச்சுக்காரர்கள் மிளகு வாங்க வந்து தங்கிய பழைய துறைமுகம் புறக்காடு. இன்று அதன் பெயரைக் கேரளம் முழுக்க உச்சரிப்பது சாகரைக்காக. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான மாதங்களில், அரபிக் கடல் கொந்தளித்துக் கிடக்கும்போது, இந்தக் கரையில் ஏதாவது ஓரிடத்தில் மட்டும் கடல் அடங்கி நிற்கும். அடியில் இருக்கும் மென்மையான சேறு கலங்கி நீரில் மிதந்து அலையின் வேகத்தை விழுங்கிவிடுகிறது. எந்த ஆண்டு எந்த ஊருக்கு முன்னால் வரும் என்று நிச்சயம் கிடையாது. அடங்கிய நீரில் இறாலும் மத்தியும் குவியும். தொலைவூர்களின் வள்ளங்கள் எல்லாம் அங்கே வந்துவிடும். விசைப்படகுகளின் இழுவலைக்குக் கேரள அரசு 52 நாள் தடை விதிக்கும் காலமும் இதுவே என்பதால், பாரம்பரிய மீனவர்களுக்கு இது ஆண்டின் பெரிய நம்பிக்கை. மணலிலேயே ஏலம், மணலிலேயே தேநீர்க்கடை, மணலிலேயே கடன் வசூல்.

நாவலில் பழனியைக் கொண்டுவருவதும் சாகரைதான். திருக்குன்னப்புழையிலிருந்து வந்த வள்ளத்தில் நின்று அவன் துடுப்புப் பிடிக்கும் லாவகத்தைச் செம்பன்குஞ்சு பார்க்கிறார். சொந்த பந்தம் இல்லாதவன், சீர் செனத்தி கேட்க ஆள் இல்லாதவன், நல்ல கடல்வேலைக்காரன். மகளைக் கொடுத்தால் தன் வள்ளத்துக்கு ஓர் ஆள் கிடைப்பான். மருமகனையும் அவர் வள்ளத்தின் கண்ணால்தான் அளக்கிறார். ஊருக்கெல்லாம் வயிறு நிறையும் காலத்தில் பரீக்குட்டியின் முதல் கரைகிறது, கறுத்தம்மாவின் கல்யாணம் முடிவாகிறது. கடற்கரையின் மகிழ்ச்சிப் பருவத்தையே ஒரு துயரத்தின் வாசலாகத் தகழி அமைத்ததை, மழைக்காலத்தில் புறக்காட்டு மணலில் நிற்கும்போது இன்னும் நெருக்கமாக உணரலாம். தூரத்தில் அலை கொதிக்கிறது; காலடியில் கடல் குளம் போலக் கிடக்கிறது.

கடலம்மாவின் கதைக்கு இனி வரலாம். ஆணைக் கடலில் காப்பது கரையில் இருக்கும் மனைவியின் ஒழுக்கம். அவள் பிழைத்தால் கடலம்மா அவனை எடுத்துக்கொள்வாள் என்று சக்கி மகளிடம் சொல்லி வளர்க்கிறாள். படம் இதைப் பாட்டிலும் காட்சியிலும் ஏற்றி, கதையின் விதியாகவே ஆக்கியது. இந்த நம்பிக்கையை மீனவர் சமூகத்தின் மேல் தகழி ஏற்றி வைத்தார் என்ற விமர்சனம் கேரளத்தில் நீண்ட காலமாக உண்டு. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. கடற்கரைப் பெண்கள் வீட்டுக்குள் அடைந்து மேற்கே பார்த்துத் தவம் இருந்தவர்கள் அல்லர். மீன்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிழக்கே வயலோர ஊர்களுக்கு நடந்தவர்கள், பேரம் பேசியவர்கள், காசை முந்தானையில் முடிந்து வீட்டை நடத்தியவர்கள். இதையும் தகழியே எழுதியிருக்கிறார். சக்கியும் கூடை சுமக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு கறுத்தம்மாவும் சுமக்கிறாள். நம்பிக்கை ஒரு பக்கம் அவளைக் கட்டிப்போடுகிறது, பிழைப்பு இன்னொரு பக்கம் அவளைத் தெருவுக்கு அனுப்புகிறது. தெருவுக்குப் போனதாலேயே ஊர் வாய்க்கு இரையாகிறாள். நாவலில் கறுத்தம்மாவின் மூச்சு முட்டுவது இந்த இரண்டுக்கும் நடுவில். திரையில் கூடையைவிடக் கற்புக் கதைதான் அதிகம் நிற்கிறது, இழப்பு அதுதான்.

அம்பலப்புழையில் பால்பாயசத்துக்குப் பேர்போன கிருஷ்ணன் கோயிலுக்கு வருகிறவர்கள் ஏராளம். குஞ்சன் நம்பியாரின் துள்ளலுக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவும் பலருக்குத் தெரியும். அதே ஊரின் முன்சீப் கோர்ட்டில் ஓர் இளம் வக்கீல் வேலை பார்த்தார் என்பதைத் தேடி வருகிறவர்கள் குறைவு. தகழிதான் அந்த வக்கீல். கோர்ட்டுக்கு மேற்கே சிறிது தூரத்தில் கடல். வழக்கு, கடன், பிணை, பத்திரம் என்று மனிதர்கள் வந்து நிற்கும் இடத்தில் வேலை பார்த்தவரின் காதல் நாவலில் கடன் இவ்வளவு பெரிய இடம் பிடித்ததை வியக்க வேண்டியதில்லை.

அம்பலப்புழையிலிருந்து கிழக்கே, திருவல்லா போகும் சாலையில் அவருடைய தகழி கிராமம். கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கும் குட்டநாட்டு வயல்களின் நடுவே சங்கரமங்கலம் என்ற அவர் வீடு இன்று நினைவகமாக இருக்கிறது. ‘காத்த’ என்று அவர் அழைத்த மனைவி கமலாட்சி அம்மாவோடு வாழ்ந்த வீடு அது. 1984ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் வாங்கிய பிறகும் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. 1999இல் இறந்து இதே மண்ணில் அடங்கினார். புலையர் கூலிகளைப் பற்றி அவர் எழுதிய ‘ரண்டிடங்ஙழி’ 1958இலேயே படமானது. அந்தக் கதையின் வயல் இங்கிருந்தே தெரிகிறது. ‘செம்மீன்’ எழுதியவர் கடற்கரைக்காரர் இல்லை, வயற்காட்டுக்காரர் என்பதும் இந்த வீட்டின் திண்ணையைப் பார்க்கும்போது உறைக்கிறது. மீன்கூடை வந்து சேரும் பக்கத்தில் நின்று, அது புறப்படும் பக்கத்தை எழுதியவர் அவர்.

மறுபடி கடற்கரைக்கு வந்து தெற்கே போனால் தோட்டப்பள்ளி. குட்டநாட்டு வெள்ளத்தைக் கடலில் இறக்க 1950களில் கட்டிய நீண்ட மதகுப் பாலம் இங்கே நிற்கிறது. அதைத் தாண்டினால் பழனியின் ஊரான திருக்குன்னப்புழை.

கல்யாணத்தன்றே தாய் சுருண்டு விழுந்து கிடக்க, அப்பாவின் சாபத்தையும் வாங்கிக்கொண்டு கறுத்தம்மா வந்து சேர்ந்த கரை இது. அவளுக்கு முன்னாலேயே அவளைப் பற்றிய பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. சந்தேகத்துக்கு ஆளான பெண்ணின் கணவன் ஏறும் வள்ளம் ஆபத்தில் விழும் என்று சொல்லிப் பழனியை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. கடலைத் தவிர எதையும் அறியாதவனுக்குக் கடலில் இடம் இல்லை. கடைசியில் அவன் சின்ன வள்ளத்தில் தூண்டிலோடு தனியாகப் போகிறான். சுறாவிடம் அவனைத் தனியாகக் கொண்டுபோய் நிறுத்தியது ஊரின் விலக்கு. படம் பார்க்கும்போது கடலம்மாவின் தண்டனையாகத் தோன்றும் அந்த மரணம், நாவலைப் படிக்கும்போது பத்துப் பேர் சேர்ந்து போகவேண்டிய கடலுக்கு ஒருவனைத் தனியே தள்ளிய ஊரின் வேலையாகத் தெரிகிறது. இரண்டு வாசிப்பையும் தகழி அனுமதிக்கிறார். திருக்குன்னப்புழையில் ஒற்றை மிதவையில் போகும் மீனவரைப் பார்த்தவர்கள் இரண்டாவதைத்தான் நம்புவார்கள்.

முடிவில் இரண்டு நாள் கழித்து கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் கட்டித் தழுவிய பிணங்களாகக் கரை ஒதுங்குகிறார்கள். படத்தின் புகழ்பெற்ற முடிவும் அதுவே. பழனியையும் கறுத்தம்மாவையும் ஒரே இரவில் இழந்த அவர்களுடைய குழந்தையை வைத்துக்கொண்டு கறுத்தம்மாவின் தங்கை பஞ்சமி அழுகிறாள். நாவல் ஓர் ஊரின் பெயரையும் சொல்கிறது. தூண்டிலை விழுங்கிய சுறா தொலைவில் செறியழீக்கல் கரையில் ஒதுங்குகிறது. செறியழீக்கல் கற்பனை ஊர் இல்லை. தெற்கே, கொல்லம் மாவட்டத்து ஆலப்பாடு பஞ்சாயத்தில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கேரளத்தில் மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட கரை அந்த ஆலப்பாடு. அங்கே மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. எந்தப் பெண்ணின் ஒழுக்கத்தையும் கேட்டுக்கொண்டு அந்த அலை வரவில்லை. கரையில் நின்ற பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. ‘செம்மீன்’ சொல்லும் கடலம்மா கதையை அந்த ஊருக்குப் போய்வந்த பிறகு யாராலும் பழைய மாதிரி படிக்க முடியாது.

தமிழ் வாசகருக்கு இந்தப் பயணத்தில் ஒரு வசதி உண்டு. சுந்தர ராமசாமி ‘செம்மீன்’ நாவலைத் தமிழில் தந்திருக்கிறார். சாகித்ய அகாதெமி அதை வெளியிட்டது. மலையாளச் சூழலை அறிந்த நாகர்கோவில்காரர் என்பதால், அந்த மொழிபெயர்ப்பில் கடற்கரைப் பேச்சின் சூடு ஆறவில்லை. படத்தைப் பல முறை பார்த்து, பாட்டை மனப்பாடமாக வைத்திருப்பவர்களில் பலர் இந்தப் புத்தகத்தைத் தொட்டதில்லை. அவர்கள் அதை ஒரு தடவை படித்துவிட்டு, ஜூலையில், சாகரை விழும் நாட்களில், நீர்க்குன்னத்துக்கும் புறக்காட்டுக்கும் போய்ப் பார்க்க வேண்டும். ஆலப்புழையிலிருந்து தெற்கே போகும் பேருந்துகள் பெரும்பாலும் அம்பலப்புழையில் நிற்கும். அங்கிருந்து கடற்கரை ஆட்டோவில் சில நிமிடத் தூரம்தான்.